முடிவுரைக்கு ஒரு சாவு

அவரைத் திட்டாமல் எழுத வேண்டும் என்று உட்கார்ந்து பார்த்தேன். நாலைந்து வரிக்கு மேல் போகவில்லை. அதனால் திட்டிக்கொண்டேதான் எழுதுகிறேன். பெயரைச் சொல்லப் போவதில்லை; அது மரியாதையால் அல்ல. சொன்னால் புதுச்சேரியில் பாதிப் பேர், 'அவரா, தங்கமான மனுஷனாச்சே' என்பார்கள். தங்கமான மனுஷன்தான். அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பத்தாம் வகுப்புத் தமிழுக்கு நான் அவரிடம் ட்யூஷன் போனேன். தமிழுக்குப் போய் ட்யூஷனா என்று சிரித்த வீடுகள்கூட அரையாண்டு மார்க்கைப் பார்த்ததும் பிள்ளையை அவரிடம் கொண்டுவந்து விட்டுவிடும். லாஸ்பேட்டையில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனில் வாழும் சொல்தா. மேலே தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை. அதில் நாங்கள் பாய் விரித்து உட்கார்ந்திருப்போம். முத்தியால்பேட்டையிலிருந்து சைக்கிளில் போய்ச் சேர்வதற்குள் முதுகு நனைந்துவிடும். கூரைக்குக் கீழே உட்கார்ந்தால் மறுபடி நனையும்.

எங்களைப் போன்ற கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளைகளிடம் அவர் ஃபீஸ் கேட்டதில்லை. யாரையும் அடித்ததில்லை. பெண் பிள்ளைகளை 'ம்மா' என்றும் பையன்களை 'தம்பி' என்றும்தான் கூப்பிடுவார். அவர் சட்டைப் பையில் பேனாவே இருக்காது. எங்களிடம் வாங்கித்தான் திருத்துவார். அப்படியே அதைக் காதில் செருகிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விடுவார். அவர் வீட்டில் எங்கள் பேனாக்கள் ஒரு கூடை இருந்திருக்கும்.

எதைப் பார்த்தாலும் அதில் மார்க் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அவரைப் பற்றிச் சொல்ல இந்த ஒன்று போதும். ஐப்பசி மழை தகரத்தில் வந்து இறங்கும்போது பாடத்தை நிறுத்துவார். நாங்களும் மழையைக் கேட்போம். கொஞ்ச நேரம் கழித்து, "இத வருணனையா எழுதினீங்கன்னா ரெண்டு மார்க்" என்பார். ஒரு முறை கீழ் வீட்டுச் சொல்தாவின் மனைவி, பாரிசில் இருக்கும் மகன் போன் பண்ணவே இல்லை என்று படியில் நின்று அழுதார். சார் பொறுமையாகக் கேட்டு, நாலு வார்த்தை ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டு மேலே வந்தார். எங்களைப் பார்த்து, "முதியோர் நிலைன்னு தலைப்பு வந்தா எப்படி ஆரம்பிக்கறதுன்னு இப்ப தெரியுதா?" என்றார். பாதிப் பேர் எழுதிக்கொண்டார்கள்.

நயம் பாராட்டல் என்ற கேள்விக்கு அவர் ஒரு விடை வைத்திருந்தார். மையக்கருத்து, எதுகை நயம், மோனை நயம், அணி நயம், சந்த நயம் என்று தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் எந்தப் பாட்டுக்கும் ஒத்துவருகிற வரிகள். 'கவிஞர் தேனினும் இனிய சொற்களால் கற்போர் நெஞ்சைக் கொள்ளைகொள்கிறார்.' பாட்டு சுடுகாட்டைப் பற்றியதாக இருந்தாலும் தேன்தான். பாட்டில் எதுகை இல்லாவிட்டால்? "இருக்குன்னு எழுது. திருத்தறவன் பாட்ட படிக்க மாட்டான், தலைப்பதான் பாப்பான்" என்பார். தலைப்பின் கீழே கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட வேண்டும். கோடு கோணலாக இருந்தால் மட்டும் அவருக்குக் கோபம் வரும்.

முட்டாள் ஒருவர் இதைச் செய்திருந்தால் நான் இன்றைக்கு இவ்வளவு எரிய மாட்டேன்.

எங்கள் பாடத்தில் ஒரு சின்னக் கவிதை இருந்தது. ஊருக்குள் வெள்ளம் வருகிறது. ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு ஓடுகிறாள். ஓடுவதற்கு முன்னால் கதவைப் பூட்டுகிறாள். அவ்வளவுதான் கவிதை. சார் அதைக் கண்ணை மூடிக்கொண்டு படித்தார். அவர் குரல் ஒன்றும் பெரிய குரல் இல்லை, கொஞ்சம் கரகரப்புதான். ஆனால் எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்துவார்.

கண்ணைத் திறந்து, "ஏன் பூட்டறா?" என்றார்.

எல்லாரும் குனிந்து புத்தகத்தைப் பார்த்தோம்.

"உள்ள ஒண்ணும் இல்ல. தண்ணி கதவத் தட்டிட்டா வரப்போவுது? கையில கொழந்த இருக்கு. அப்பறம் ஏன் நின்னு பூட்டறா?"

எனக்குள் என்னவோ எழுந்து நின்றது. திரும்பி வருவோம் என்று அவள் நினைக்கிறாள், அதனால் பூட்டுகிறாள் என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்றும் தோன்றியது. இல்லை, திரும்பி வர மாட்டோம் என்று தெரிந்தேதான் பூட்டுகிறாள் என்றேன். இரண்டில் எது என்று எனக்கே தெரியவில்லை. சார் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. எதிர்பாராத இடத்தில் சொந்தக்காரரைச் சந்தித்தவர் முகம் அது. வாயைத் திறந்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, இது கேள்வில வராது. எழுதிக்குங்க. மையக்கருத்து: இயற்கைச் சீற்றத்தின் கொடுமை."

எழுதிக்கொண்டோம்.

பூட்டு எங்கே இருக்கிறது, சாவி எது என்று அவருக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை திறந்து உள்ளே வெளிச்சம் இருப்பதைக் காட்டிவிட்டு, கேள்வியில் வராது என்று சாத்திவிடுவார். உள்ளே வெளிச்சமே இல்லை என்று சொல்லியிருந்தால் நாங்கள் பாட்டுக்கு மனப்பாடம் செய்துவிட்டுப் போயிருப்போம்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள், நாங்கள் பயிற்சிக்கு எழுதிய கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்தவர் கட்டைத் தூக்கித் தரையில் போட்டார். எல்லாம் தான் எழுதிக் கொடுத்ததுதான், தான் எழுதியதைத் தானே எத்தனை தடவை படிப்பது என்று அலுத்துக்கொண்டார். அன்றைக்கு அவருக்கு உடம்புக்கு என்னவோ, மனசுக்கு என்னவோ, தெரியாது. முன்னுரை வேண்டாம், முடிவுரை வேண்டாம், பொன்மொழி வேண்டாம், வீட்டில் இருக்கிற யாராவது ஒருவர் சாப்பிடுவதை எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார்.

நான் அப்பா சாப்பிடுவதை எழுதினேன்.

அப்பா சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். தகட்டை வைத்து அமுக்கினால் மூடியாக வந்து விழும். தாத்தா காலத்தில் எங்கள் வீடு மில் வீடு. மில் மூடிய பிறகு அப்பா தொழிற்பேட்டைக்குப் பஸ் ஏறத் தொடங்கினார். நான் ஏழாவது படிக்கும்போது அந்த பிரஸ் அவருடைய வலது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. கட்டை விரலும் சுண்டு விரலும் மிச்சம். அதன் பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிற வேலை.

நான் எழுதியது இதைத்தான். அப்பா தெருவில் நடக்கும்போதும், வீட்டுக்குள் நுழையும்போதும் அந்தக் கை சட்டைப் பைக்குள் இருக்கும். நாங்கள் மட்டும் இருந்தால் இடது கையால் சாப்பிடுவார். யாராவது வந்துவிட்டால் பசியில்லை என்று எழுந்துவிடுவார். அம்மா பிசைந்து கொடுக்கிறேன் என்று சொன்னால் தட்டைத் தள்ளிவிடுவார். கல்யாணங்களுக்குப் போனால் முதல் ஆளாகப் போய், எல்லாரையும் விசாரித்து, எல்லாரையும் பந்திக்கு அனுப்பிவிட்டு, தான் வாசலில் நின்றுகொண்டிருப்பார். பந்தியில் உட்கார்ந்தவர்கள் 'அவரு எங்க' என்று கேட்கும்போது நாங்கள் இலையைப் பார்த்துக்கொண்டிருப்போம். அதோடு நிறுத்தியிருந்தேன். முடிவுரை வேண்டாம் என்றாரே.

சார் என் தாளை நின்றபடி படித்தார். கொட்டகையின் கடைசிக்கு நடந்து போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். வகுப்பு முடிந்து எல்லாரும் இறங்கிய பிறகு என்னை நிறுத்தி, "இதுல திருத்த ஒண்ணுமில்லம்மா" என்றார். அன்றைக்கு நான் சைக்கிளை மிதிக்கவே இல்லை. அதுவாக வீட்டுக்குப் போனது. தாள் அவரிடமே இருந்துவிட்டது.

பொங்கல் விடுமுறை முடிந்து போனோம். 'உழைப்பே உயர்வு' என்று புதிதாக ஒரு மாதிரிக் கட்டுரை, எழுதிக்கொள்ளுங்கள் என்றார். இந்த வருடம் இது நிச்சயம் என்றும் சொன்னார். சொல்லச் சொல்ல எழுதினேன். மூன்றாவது பத்தியில்தான் எனக்கு உறைத்தது.

'என் அருமைத் தந்தை ஆலைத் தொழிலாளி. இரக்கமற்ற இயந்திரம் ஒரு நாள் அவரது வலக்கரத்தின் மூன்று விரல்களைத் தின்றது. அன்று முதல் அக்கரத்தைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டே இல்லம் நுழைவார். பின்னொரு நாள் அதே இயந்திரம் அவரையும் விழுங்கியது. தந்தை மறைந்தார். அவர் சிந்திய வியர்வை மறையவில்லை.'

என் பேனா நின்றுவிட்டது. சுற்றிலும் எல்லாப் பேனாக்களும் ஓடிக்கொண்டிருந்தன. முன்வரிசையில் ஒருத்தி, விழுங்கியது என்பதற்கு எந்த 'லு' என்று கேட்டாள். சார் பொறுமையாகச் சொன்னார்.

வகுப்பு முடிந்ததும் போய் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. எங்க அப்பா உயிரோடு இருக்கிறாரே சார் என்றுகூடக் கேட்க வரவில்லை. கல்யாணப் பந்தியை ஏன் எடுத்துவிட்டீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் எரிச்சல்படவில்லை. பக்கத்தில் உட்காரச் சொல்லி, தொழில் ரகசியம் சொல்லுகிறவர் போலச் சொன்னார்:

"அது எல்லாருக்கும் பொருந்தாதும்மா. நாப்பது பேரும் ஒரே பந்திய எழுதினா திருத்தறவனுக்கு சந்தேகம் வரும். சாவு அப்படி இல்ல. யார் வீட்டுக்கும் பொருந்தும்."

எங்கள் எதிர் வீட்டுப் பெண்ணும் அவரிடம்தான் படித்தாள், காலை பேட்ச். விடிந்ததும் வாசல்படியில் உட்கார்ந்து சத்தம் போட்டு மனப்பாடம் செய்வாள். அப்பா எங்கள் வாசலில் ஜன்னல் கம்பியில் கண்ணாடியை மாட்டி இடது கையால் சவரம் செய்துகொண்டிருந்தார். மூன்று விரல் என்று காதில் விழுந்ததும் ரேசர் நின்றது. அவள் மறந்து மறந்து அந்தப் பத்தியையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்பா பாதிக் கன்னத்தில் சோப்போடு உள்ளே வந்து, அது யாரைப் பற்றி என்று என்னைக் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணத்தைப் பற்றி எழுதியதையும் சொன்னேன். அவர் வெளியே போய் மிச்சக் கன்னத்தையும் மழித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு லாஸ்பேட்டைக்கு வந்தார். வேண்டாம்ப்பா என்று வழியெல்லாம் சொன்னேன். நாங்கள் மாடி ஏறியபோது வகுப்பு நிறைந்திருந்தது. சார் எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிவந்து போட்டு, உட்காருங்க என்றார். அப்பா உட்காரவில்லை. கையைப் பையிலிருந்து எடுத்தார். வெளி ஆள் முன்னால் அவர் அதை எடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நான் எப்ப சார் செத்தேன்?"

சத்தமில்லாமல்தான் கேட்டார். கொட்டகை முழுக்க அந்தக் கையைப் பார்த்தது.

"அது நீங்க இல்லீங்க. அது கட்டுரை."

"கை என்னுதுதான சார்."

சார் தலையைக் குனிந்துகொண்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார், அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். உங்கள் பெண் எழுதியதைப் போல இத்தனை வருஷத்தில் ஒருவரும் எனக்கு எழுதித் தந்ததில்லை என்றார். பிறகு, சமாதானம் சொல்லுகிற குரலில், "ஆனா முடிவுரைன்னு ஒண்ணு வேணும்லங்க" என்றார்.

"அப்ப வேற யாரையாச்சும் சாகடிங்க சார்" என்று சொல்லிவிட்டு அப்பா படியிறங்கினார். சார் பின்னாலேயே வாசல் வரை வந்து, மாற்றிவிடுகிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டார். மாற்றவும் செய்தார். அந்த வாரம் மறுபடி சொல்லிக் கொடுத்தபோது தந்தை, மாமாவாக ஆகியிருந்தார். அடுத்த வருட பேட்ச்சுக்கு மறுபடி தந்தையே வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். மாமா செத்தால் மார்க் குறைகிறது போலிருக்கிறது.

பொதுத்தேர்வில் அந்தத் தலைப்பே வந்தது. அவர் கணக்கு என்றைக்குத் தப்பியிருக்கிறது? ஹாலில் எனக்கு முன்னாலும் பின்னாலும் அவரிடம் படித்தவர்கள். குனிந்த தலைகளைப் பார்த்தேன். எல்லாரும் மாமாவையா எழுதுவார்கள், முதலில் மனப்பாடம் செய்ததுதான் கைக்கு வரும். என் அப்பாவை இத்தனை பேர் சேர்ந்து கொன்றுகொண்டிருக்கிறார்கள், வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் அவர் டோக்கன் கிழித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நான் அவரை உயிரோடு எழுதினேன். பந்தியை எழுதினேன். கல்யாண வாசலில் அவரை நிறுத்திவிட்டுத் தாளைக் கட்டினேன்.

தமிழில் எனக்கு வந்த மார்க் எங்கள் பேட்ச்சிலேயே குறைவு. இனிப்பு கொடுக்க எல்லாரும் போன அன்று சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முடிவுரை எழுதினாயா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் உச்சுக்கொட்டினார். என் தலையில் கைவைத்து, பரவாயில்லை விடு என்றார். நான் தலையை நகர்த்திக்கொண்டேன்.

நான் தமிழ் படித்தது, பி.எட். முடித்தது, ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சராக இருப்பது எல்லாம் ஆர்வத்தால் என்று நேர்முகத் தேர்வில் சொன்னேன். பாதி பொய். பாதி கோபம். என் வகுப்பில் பிள்ளைகளிடம் ஒரு கவிதையைக் கொடுத்து, இதில் எந்த வரி உங்களுக்குப் பிடிக்கவில்லை, ஏன் என்று முதலில் கேட்பேன். சரியாகச் சண்டை போடுவார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து, இவங்க நோட்ஸே குடுக்க மாட்டேங்கறாங்க என்று புகார் சொன்னார். பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, என் பழைய ட்யூஷன் சாரின் பெயரையே சொல்லி, அவர் மெட்டீரியல் கிடைத்தால் வாங்கிப் பாருங்களேன் என்றார். அன்றைக்கு அந்த அறையில் ஏதாவது உடைக்கக் கிடைத்திருந்தால் உடைத்திருப்பேன்.

போன ஏப்ரலில் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தப் போனேன். எந்த ஊர்த் தாள் என்று நமக்குத் தெரியாது. ஒரு கட்டைப் பிரித்து, கட்டுரைப் பக்கத்துக்கு வந்தேன். கறுப்பு ஸ்கெட்ச்சில் நேரான கோடு. 'என் அருமைத் தந்தை ஆலைத் தொழிலாளி.' அடுத்த தாளிலும் அதேதான். அதற்கடுத்ததில் உழவர் என்று மாற்றி எழுதி, விரலைக் கதிரறுக்கும் இயந்திரத்துக்குக் கொடுத்திருந்தார்கள். ஒருவன் 'சட்டைப் பைக்குள்' என்பதற்குப் பதில் 'சாப்பாட்டுப் பைக்குள்' என்று எழுதியிருந்தான். கட்டுரை எந்தெந்த ட்யூஷனுக்குப் போய், எந்தெந்த கைடில் ஏறி, எங்கெல்லாம் சுற்றியதோ. பெரிய கையெழுத்து, சின்னக் கையெழுத்து, இடதுபக்கம் சாய்ந்த கையெழுத்து. ஒவ்வொன்றிலும் அப்பா மறைந்தார், வியர்வை மறையவில்லை.

விடைக்குறிப்பின்படி எல்லாம் சரியாக இருந்தது. முழு மதிப்பெண் போட்டேன். பிள்ளைகளைச் சொல்லி என்ன?

மாலையில் மையத்தை விட்டு வெளியே வந்து, பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு அவருக்குப் போன் செய்தேன். நம்பர் பல வருடங்களாக என்னிடம் இருந்தது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு ட்யூஷனை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். யார் என்று சொன்னதும் உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். தமிழ் டீச்சராகிவிட்டேன் என்றதும் எந்தப் பள்ளி, எந்த வகுப்பு என்று ஆசையாக விசாரித்தார். அந்தக் கட்டுரை இன்னும் வருகிறது சார், இன்றைக்கு என் கையால் திருத்தினேன் என்றேன்.

"இன்னமுமா வருது?" என்றார். சந்தோஷத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. "எவ்ளோம்மா போட்ட?"

"முழுசா போட்டேன் சார். ஆனா அந்த சாவு பொய்யா இருக்கு. மிச்சமெல்லாம் நெஜம், அந்த எடம் மட்டும் ஒட்டவே இல்ல."

மறுமுனையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதைக் குறைத்தார்கள்.

"தெரியும்மா," என்றார். "எழுதும்போதே தெரியும். மூணு தடவ அடிச்சி அடிச்சி எழுதினேன். நீ பந்தியோட வுட்டதுதான் சரி. அதுக்கு மேல ஒரு வரி எழுதக்கூடாது."

பதினாறு வயதில் இதைச் சொல்லியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன். இப்போது எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"அத ஏன் சார் எங்களுக்கு சொல்லிக் குடுக்கல?"

அவருக்கு வயதாகிவிட்டது என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் சொன்ன பதிலில் திமிர் இல்லை, சோர்வுதான் இருந்தது.

"அதயெல்லாம் கேக்கறதுக்கு அங்க யாரும்மா இருந்தா?"

"நான் இருந்தேன் சார்" என்றேன்.